காடிக் கிண்ணமும் ஆட்டுக்கல்லும்

(திருவண்ணாமலை, ரமணாசிரமம் பகுதியில் நடைபெற்ற மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



 தூரத்திலிருந்து பேருந்து ஏறி வந்திருக்கிறவர்களும் உண்டு. பென்ஷன் பணத்தில் மாதந்தோறும் ஒரு பங்கை எடுத்துவைத்து அனுப்புகிற தாய்மார்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் காணிக்கை எங்கே போய்ச் சேருகிறது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு. கணக்கு வழக்குகளைப் பொருளாளர் சொல்லுவார். நாங்கள் இன்று ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். அந்த வார்த்தை தெரியாததால் ஒரு தாயாரை இழந்துவிடுவோமோ என்று இரண்டு நாட்கள் பயந்திருந்தோம்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதி உங்களுக்குத் தெரியும். செங்கம் சாலையில் விடியுமுன்பே நடமாட்டம் தொடங்கிவிடும். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டார், கிரிவலம் முடித்து வருகிற ஜனங்கள், சாலையோரத்தில் திருவோட்டை முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிற காவி உடுத்த பெரியவர்கள். இவர்கள் எல்லாருக்கும் காலை ஆகாரம் கொடுக்கிற சிறிய இட்லிக் கடைகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கடையை முப்பது வருஷத்துக்கு மேலாக நடத்தி வருகிறவர் இந்தத் தாயார். பெயர் சொல்ல வேண்டாம். வயது 68. கணவர் இல்லை. ஒரே மகன் ஆட்டோ ஓட்டுகிறார். மருமகள் கடையில் உடன் நிற்கிறார்.

சென்ற கார்த்திகைத் தீபத்துக்குச் சில நாட்கள் முன்பு, விடியற்காலை நாலு மணிக்கு, தெருக்குழாயில் பிடித்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர் வாசற்படி ஈரத்தில் வழுக்கி விழுந்தார். குடம் நசுங்கியது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. சுளுக்கு என்று நினைத்து வீட்டார் எண்ணெய் போட்டு உருவினார்கள். துணியால் இறுக்கிக் கட்டினார்கள். இரண்டு நாள் கழித்து வலி தாங்காமல் அவர் கத்தியபோதுதான் மகன் தம் ஆட்டோவிலேயே படுக்கவைத்து நம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததும் நம் இளம் மருத்துவர், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் நல்லவர், உழைப்பாளி. ஆனால் படித்த படிப்பு முழுவதும் ஆங்கிலம். அவசரத்தில் அவர் வாயில் வந்ததும் அதுதான். ஃபீமர் என்றார், அசிட்டாபுலம் நார்மல் என்றார், செயற்கை மூட்டு என்றார். அந்தத் தாயாரின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: செயற்கை. பக்கத்துக் கட்டிலில் சர்க்கரை வியாதியால் காலை இழந்த ஒரு சகோதரி, செயற்கைக் காலுக்கு அளவு கொடுப்பதற்காகக் காத்திருந்தார். இந்தத் தாயார் அவரைப் பார்த்தார். முடிவு செய்துவிட்டார்.

“கால எடுத்துட்டுக் கட்டக்கால் வைக்கப் போறாங்களாம். வேணாங்க சாமி. வந்த காலோடயே போய்ச் சேர்ந்துடறேன்” என்றார். அதன்பிறகு யாரிடமும் பேசவில்லை. சம்மதப் பத்திரத்தைத் தொடவும் மறுத்துவிட்டார்.

மகன் எங்களிடம் ஓடிவந்தார். “ஐயா, நீங்க பெரியவங்க. நீங்க சொன்னா கேப்பாங்க” என்றார். படுக்கைதோறும் சென்று விசாரிக்கிற போதகரும் உடன் ஊழியரான சகோதரியுமாக நாங்கள் போனோம். என்ன செய்தோம் தெரியுமா? தைரியம் சொன்னோம். கடவுள் கைவிடமாட்டார் என்றோம். மருத்துவரை நம்புங்கள் அம்மா என்றோம். அவர் அனுமதி கொடுத்தபடியால் ஜெபமும் செய்தோம். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே வந்து, “பிடிவாதம் அதிகம்” என்று ஒருவரோடொருவர் சொல்லிக்கொண்டோம். அப்படிச் சொன்னது தவறு. அவருக்கு என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவே இல்லை.

அன்றிரவு எங்கள் மனதில் அமைதி இல்லை. இந்த வயதில் தொடைக் கழுத்து முறிந்தவர் படுக்கையிலேயே கிடந்தால் என்ன ஆகும் என்று பல வருஷமாய்ப் பார்த்திருக்கிறோம். முதுகில் படுக்கைப் புண் வரும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகும். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும். எலும்பு முறிவு கொல்லாது, படுக்கை கொல்லும். மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்ன அந்த அசிட்டாபுலம் என்றால்தான் என்ன என்று அகராதியை எடுத்தோம். இறையியல் கல்லூரியில் கொஞ்சம் கிரேக்கும் எபிரெயமும் படித்ததுண்டு. இலத்தீன் ஓரளவுதான்.

அதன் பொருளைப் பார்த்ததும் எங்களுக்கு ஆச்சரியமாயிருந்தது. அசேட்டும் என்றால் காடி. இன்றைக்குக் கடையில் வினிகர் என்று வாங்குகிறோமே, அது. நம் தமிழ் வேதாகமத்தில் அதற்குக் காடி என்றுதான் பெயர். அசிட்டாபுலம் என்றால் காடிக் கிண்ணம். ரோமர்கள் சாப்பாட்டு மேசையில் காடி ஊற்றி வைத்து, அப்பத்தைத் தொட்டுக்கொண்ட சின்னக் கிண்ணம் அது. அதையே அளவுப் பாத்திரமாகவும் வைத்திருந்தார்கள். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 68 மில்லி பிடிக்கும்.

ரூத்தின் சரித்திரத்தில் அறுப்பு வயலில் போவாஸ் அந்த ஏழை விதவையைச் சாப்பிட அழைத்து, அப்பத் துணிக்கையைக் காடியில் தோய்த்துக்கொள்ளச் சொல்லுகிறார் அல்லவா? நம் இட்லிக் கடையில் தட்டோடு ஒரு சட்னிக் கிண்ணம் வைக்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். சிலுவையண்டையிலும் காடி நிறைந்த ஒரு பாத்திரம் இருந்ததாக யோவான் எழுதுகிறார். காடி அந்நாட்களில் ஏழைகளும் போர்ச்சேவகரும் தினமும் குடித்த சாதாரணப் பொருள்.

இந்தச் சாதாரணக் கிண்ணத்தின் பெயரைத்தான் நம் இடுப்பில் தொடை எலும்பின் பந்து போன்ற தலை அமர்கிற குழிக்கு இட்டார்கள். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் இறந்துபோன ரோம அறிஞர் பிளினி தம் நூலில் இந்தச் சொல்லை இடுப்புக் குழிக்கும் பயன்படுத்தியிருக்கிறார், கணவாய் வகை மீன்களின் கைகளில் உள்ள உறிஞ்சு குழிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார். தெருவில் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கூழாங்கல்லை மறைத்து வித்தை காட்டுகிறவர்களின் கிண்ணத்துக்கும் அதே பெயர் இருந்தது. நாம் செப்படி வித்தை என்று சொல்லுகிறோமே, அதிலும் செப்பு என்பது சிறு பாத்திரந்தான்.

கிரேக்கர் அதற்கும் முந்தியவர்கள். ஹோமரின் இலியட் காவியத்தில் ஒரு வீரன் பெரிய கல்லை எறிந்து எதிரியின் இடுப்பை நொறுக்குகிறான். அந்த இடத்தை ஜனங்கள் கிண்ணம் என்று அழைப்பதாக அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. எபிரெயரும் இப்படியே. யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியுமட்டும் போராடிய யாக்கோபின் தொடைச்சந்து தொடப்பட்டது என்று நாம் வாசிக்கிறோம். எபிரெய மூலத்தில் அங்கே வருகிற சொல் காஃப். அதற்கு உள்ளங்கை என்று பொருள். ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பிரபுக்கள் கொண்டுவந்தார்களே, தூபவர்க்கம் நிறைந்த சிறு பொன் பாத்திரங்கள், அவற்றுக்கும் எபிரெயத்தில் காஃப் என்றே பெயர். கையைக் குழித்துப் பிடித்தால் அது பாத்திரம். இடுப்பின் குழியும் அப்படியே.

நம் தமிழ் மட்டும் சும்மாயிருந்ததா? பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பந்துக் கிண்ண மூட்டு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தார் முழங்கால் சில்லை முழங்கால் சிரட்டை என்பார்கள். இலத்தீனிலும் அந்த எலும்பின் பெயருக்குச் சின்னத் தட்டு என்றுதான் பொருள். இதோ இந்தச் சாலையில் துறவிகள் ஏந்துகிற திருவோட்டையும், கூரை ஓட்டையும், மண்டையோட்டையும் ஒரே ஓடு என்ற சொல்லால் சொல்லுகிறோம். பாத்திரத்துக்கு நாம் உடம்பைக் கொடுத்தோம்: பானைக்கு வாய், குடத்துக்குக் கழுத்து, கெண்டிக்கு மூக்கு. உடம்புக்குப் பாத்திரத்தைக் கொடுத்தோம்.

ரோமரின் அந்தப் பாத்திரங்கள் நமக்குத் தூரமானவையும் அல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தபோது இத்தாலியில் செய்த மேசைப் பாத்திரங்களின் உடைந்த துண்டுகளும், மது கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. திருவண்ணாமலையிலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம். அந்தத் துண்டுகளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இடுப்புக் குழியின் பெயர் அந்நிய வார்த்தை அல்ல. அது அவர்கள் தினமும் கழுவி வைத்த கிண்ணம். நமக்கு மாத்திரம் அது விளங்காத வார்த்தையாகிவிட்டது.

பிரியமானவர்களே, அன்றிரவு எங்களுக்கு உணர்த்தப்பட்டது இதுதான். இந்தப் பெயரை வைத்தவர்கள் நோயாளியைப் பயமுறுத்த வைக்கவில்லை. அடுக்களையில் கண்டதைச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது. நாமோ அந்தக் கிண்ணத்தின் பெயரை எடுத்து வந்து, கிண்ணத்தை விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை முதல் வேலையாக மருத்துவரைச் சந்தித்து இதைச் சொன்னோம். அவர் ஒரு நிமிஷம் பேசாமலிருந்தார். பிறகு பிசியோதெரபி அறைக்குப் போய், அங்கே வைத்திருக்கிற பிளாஸ்டிக் இடுப்பெலும்பு மாதிரியையும் தொடை எலும்பையும் தாமே எடுத்து வந்தார். கட்டில் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்லவில்லை, உட்கார்ந்து சொன்னார். அதைக் கவனித்தோம்.

தாயாரின் கையில் எலும்பைக் கொடுத்தார். அவர் முதலில் தொடத் தயங்கினார். பிறகு அந்தக் குழிக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். தொடை எலும்பின் தலையை அதில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“இது ஆட்டுக்கல்லு. இது குழவி.”

“ஆமாம்மா” என்றார் மருத்துவர்.

“எனக்குக் குழவி ஒடைஞ்சு போச்சு. கல்லு நல்லாருக்கு. அவ்ளோதானே?”

“அவ்வளவுதான்மா. கால் உங்க கால்தான். உடைஞ்ச குழவிய எடுத்துட்டு, இரும்புல புதுக் குழவி வைக்கறோம்.”

“கல்லக் கொத்த வேணாமா?”

உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும், முன்பெல்லாம் தெருவில் ஆட்டுக்கல் கொத்துகிறவர் குரல் கொடுத்துக்கொண்டு போவார். தேய்ந்து வழவழப்பான கல்லை உளியால் கொத்திக் கொடுப்பார். மருத்துவர் சிரித்துவிட்டார். “சில பேருக்குக் கல்லையும் கொத்தி, புதுக் கிண்ணம் வைக்க வேண்டியிருக்கும்மா. உங்களுது வழவழன்னு நல்லா இருக்கு. இந்தக் கல்லு வழவழன்னு இருக்கறதுதான் நல்லது” என்றார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?” என்று கேட்டுவிட்டு, கைநாட்டு வைக்க இடது கட்டைவிரலை நீட்டினார்.

முப்பது வருஷமாக மாவு ஆட்டிய கை அது. எங்கள் அகராதியில் நாங்கள் தேடிக் கண்டுபிடித்ததை அவர் ஒரு விரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். ரோமர்கள் தங்கள் மேசையிலிருந்து பெயர் எடுத்தார்கள். அவர் தம் கடையின் பின்கட்டிலிருந்து எடுத்தார். அவருடைய பெயர் இன்னும் பொருத்தம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. காடிக் கிண்ணத்தில் எதுவும் சுழல்வதில்லை. ஆட்டுக்கல்லில் சுழல்கிறது.

ஆபரேஷன் ஏன் வேண்டியிருந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் பெரும்பாலும் அதன் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துபோகும். தலைக்கு இரத்தம் போகாது. அது எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கூடாமல் செத்துப்போகலாம். ஆகையால்தான் வயதானவர்களுக்கு அந்தத் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து ஒன்றைத் தண்டோடு எலும்புக்குள் பொருத்துகிறார்கள். ஆஸ்டின் மூர் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுவது அவற்றில் ஒன்று. கிண்ணம் நோயாளியின் சொந்தக் கிண்ணமே.

கிண்ணமும் தேய்ந்துபோனவர்களுக்கு அதையும் மாற்ற வழி உண்டு. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் என்ற பொருளில் கிண்ணம் செய்து பொருத்தினார். சில வருஷங்களிலேயே அது தேய்ந்து, நோயாளிகள் மறுபடி வலியோடு வந்தார்கள். அவர் தம் தோல்வியை மறைக்கவில்லை. அவர்களுக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்தார். 1962-ல் உறுதியான பாலித்தீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்று உலகெங்கும் நடக்கிற இடுப்பு மாற்று ஆபரேஷன்கள் அந்த வழியில் வந்தவை. அந்தப் பாகத்தை இன்றும் கிண்ணம் என்றே அழைக்கிறார்கள்.

நோயாளியின் மொழியில் மருத்துவம் பேசவேண்டும் என்பது புதிய காரியம் அல்ல. மிஷனெரி மருத்துவத்தில் நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்காவில் உஸ்டர் நகரில் 1822-ல் பிறந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், 1847-ல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 60-க்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். அவர்களில் பலர் முழுவதும் தமிழிலேயே பயின்றவர்கள். ஜனங்களுடைய மொழியில் படித்தவனே ஜனங்களிடத்தில் தங்கி வேலை செய்வான் என்பது அவர் எண்ணம். அதற்காக அவரும் அவர் மாணவர்களும் உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம், இரசாயனம் ஆகிய பெரிய ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார்கள். கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872-ல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் வந்தது. அந்நூலுக்கு ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் சொல் தேடிய உழைப்பை நினைத்துப் பாருங்கள். 1873-ல் அவர் சொந்த நாடு திரும்பினார், 1884-ல் காலமானார். தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்று தம் கல்லறையில் எழுதப்படுவதையே அவர் விரும்பினார்.

நூற்றைம்பது வருஷம் கழித்து, தமிழராய்ப் பிறந்த நாங்கள் ஒரு தமிழ்த் தாயாரின் படுக்கையருகே நின்றுகொண்டு அவருக்குப் புரியாததைப் பேசினோம் என்றால் வெட்கப்படவேண்டியது யார்? இப்போது நம் மருத்துவமனையில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும் முன், நோயாளியே தம் வார்த்தையில் என்ன நடக்கப்போகிறது என்று திரும்பச் சொல்லவேண்டும். அவர் சொல்லுவது சரியாக இருந்தால்தான் பத்திரம் நீட்டப்படும். இதற்குப் பணம் செலவில்லை, பத்து நிமிஷம் செலவு.

இன்னும் ஒரு காரியம் எங்கள் மனதை மிகவும் தொட்டது. குழந்தை பிறக்கும்போது இந்தக் கிண்ணம் ஆழமில்லாமல், பெரும்பாகம் குருத்தெலும்பாயிருக்கிறது. மூன்று எலும்புகள் அதில் வந்து சந்திக்கின்றன. அவை ஒன்றாய்க் கூடி இறுகுவது ஏறக்குறைய பதினைந்து வயதில்தான். தொடையின் பந்து சரியாக உள்ளே அமர்ந்து அசைந்துகொண்டே இருப்பதால்தான் கிண்ணம் ஆழமாகி வட்டமாகிறது. பந்து விலகியிருந்தால் கிண்ணம் ஆழமாகாமல் தட்டையாகவே நின்றுவிடும். தாங்கவேண்டியதைத் தாங்கித் தாங்கியே அது கிண்ணமாகிறது. இதனால்தான் பச்சைக் குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றிக் கட்டுவது நல்லதல்ல என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். நம் தாய்மார் குழந்தையை இடுப்பில் இரண்டு பக்கமும் கால் போட்டுத் தூக்குகிறார்களே, அது அந்தக் கிண்ணத்துக்கு ஏற்ற நிலை. குடத்தைத் தூக்குகிற அதே இடுப்பில் குழந்தையையும் தூக்குகிறார்கள். தாயின் இடுப்பில் குழந்தையின் இடுப்பு உருவாகிறது.

இனி அந்தத் தாயாரின் செய்தி. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாளே பிசியோதெரபி சகோதரி அவரைப் பிடித்து நிற்கவைத்தார். வலியில் கண்ணீர் விட்டார், ஆனால் நின்றார். பத்தாம் நாள் வாக்கரைப் பிடித்து வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். செயற்கைக் காலுக்குக் காத்திருந்த அந்தச் சகோதரி தம் கட்டிலிலிருந்தே கைதட்டினார். தீபத்தன்று சாயங்காலம் வார்டு ஜன்னல் வழியாக மலையுச்சியில் கொப்பரையின் வெளிச்சம் தெரிந்தபோது, தம் வழக்கப்படி கைகூப்பி நின்றார். நாங்கள் பக்கத்தில் நின்றோம். நின்றாரே என்று கர்த்தரை ஸ்தோத்திரித்தோம்.

வீட்டுக்குப் போன பிறகுதான் அடுத்த கஷ்டம் தொடங்கியது. புது மூட்டு வைத்தவர்கள் தரையில் சம்மணமிடக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நம் வீடுகளில் சாப்பாடு தரையில், மாவரைப்பது தரையில், கழிப்பறையும் தரையில். அவர் எப்படிப் பிழைப்பார்? இங்கேதான் உங்கள் காணிக்கை போய்ச் சேர்ந்தது. ஒரு வாக்கர், கழிப்பறைக்கு ஒரு உயரமான நாற்காலி, கடையில் உட்கார ஒரு உயர ஸ்டூல், கிரைண்டரை ஏற்றி வைக்க ஒரு மேடை. பெரிய தொகை அல்ல. ஆனால் அந்த நாலும் இல்லையென்றால் அத்தனை பெரிய ஆபரேஷனும் வீணாகியிருக்கும்.

சென்ற வாரம் அவர் கடைக்குப் போயிருந்தோம். ஸ்டூலில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்கு எடுத்துக் கொடுக்க அவரே எழுந்து நாலு எட்டு நடந்து வந்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். பெனியேலைக் கடந்து போகையில் யாக்கோபும் நொண்டி நடந்தான், அப்போது அவன்மேல் சூரியன் உதயமாயிற்று என்ற வேதபகுதி எங்கள் நினைவுக்கு வந்தது. தட்டில் நாலு இட்லி வைத்து, பக்கத்தில் சட்னிக் கிண்ணத்தை வைத்தார். அந்தக் கிண்ணத்தை நாங்கள் சற்று அதிகநேரம் பார்த்துவிட்டோம் போலிருக்கிறது. “ஏன் சாமி, சட்னி புளிச்சுப் போச்சா?” என்று கேட்டார்.

அன்பானவர்களே, முடிக்கிறோம். இரண்டு காரியம் மாத்திரம் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, உங்கள் வீட்டிலோ தெருவிலோ வயதான ஒருவர் விழுந்து, எழுந்து நிற்க முடியாமல், கால் குட்டையாகிப் பாதம் வெளியே திரும்பியிருந்தால், தயவுசெய்து உருவாதீர்கள், இழுக்காதீர்கள், நடக்கச் சொல்லாதீர்கள். அசையாமல் படுக்கவைத்து அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்தத் தாயாருக்கு மூன்று நாள் தாமதமாயிற்று. வீட்டார் புரிந்துகொள்ள இரண்டு நாள், நாங்கள் புரிந்துகொள்ள ஒரு நாள். வாசற்படி ஈரத்தையும் இருட்டையும் இன்றே கவனியுங்கள்.

இரண்டாவது, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் ஏழைகளுக்கு வாக்கரும் உயர நாற்காலியும் கொடுக்கிற இந்தப் பணியைத் தொடர்ந்து தாங்குங்கள். கொடுக்க இயலாதவர்கள் வாரத்தில் ஒருநாள் வந்து, நோயாளியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னது புரிந்ததா அம்மா என்று கேளுங்கள். அதுவும் காணிக்கைதான்.

நாம் மண்பாண்டங்கள் என்று அப்போஸ்தலனாகிய பவுல் எழுதினார். பாத்திரத்துக்குத் தன்னில்தானே மேன்மை இல்லை. உள்ளே இடம் வைத்திருப்பதே அதன் பிரயோஜனம். நம் உடம்பின் முழுப் பாரத்தையும் சுமந்தும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிற அந்தக் கிண்ணத்தைப்போல, இந்த மருத்துவமனையை மறைவிலிருந்து தாங்கிவருகிற உங்கள் ஒவ்வொருவரையும், உங்கள் குடும்பங்களையும், கர்த்தர் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.